நுண்ணுயிர் தின்றுவிடும் என்று சுற்றறிக்கை அனுப்பியவர்களுக்கு

எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் தலைவர் அய்யாவுக்கும் இயக்குநர்களுக்கும்,

நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட சுற்றறிக்கையில் மூன்று முடிவுகள் இருந்தன. கிளைபோசேட் களைக்கொல்லியையும் குளோர்பைரிபாஸ் பூச்சிக்கொல்லியையும் மொத்தமாக வாங்கி, ஒப்பந்த ஆட்களை வைத்துத் தோட்டம் தோட்டமாக அடித்துக் கொடுப்பது. காப்பிப் பழத் தோலை மட்க வைக்கும் கொட்டகையை மூடிவிட்டு, அதையே மருந்துக் கிடங்காக மாற்றுவது. மண்ணில் மருந்து எச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பரிசோதிக்கச் சொல்லி நானும் இன்னும் சில உறுப்பினர்களும் கொடுத்த மனுவைத் தள்ளுபடி செய்வது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே காரணம்தான் சொல்லியிருந்தீர்கள்: "மண்ணில் விழும் மருந்தை நுண்ணுயிர்கள் 15 நாளில் சிதைத்துவிடும். எனவே உறுப்பினர்கள் அச்சப்படத் தேவையில்லை."

எனக்கு ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பி, நிழல் மரங்களில் மிளகு. கல்யாணத்துக்கு முன்பு மண் நுண்ணுயிரியல் படித்தவள். இது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்த வரியை எழுதுவதற்கு முன் யாராவது ஒருவர் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வரியில் உண்மை இருக்கிறது, அதை மறுக்க வரவில்லை. வெயிலும் தண்ணீரும் மருந்தைக் கொஞ்சம் உடைக்கும். ஆனால் மண்ணுக்குள் போன பெரும்பாலான மருந்துகளைக் கடைசிவரை பிரித்து, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் உப்பாகவும் ஆக்கிவிடுவது பாக்டீரியாவும் பூஞ்சையும்தான். ஒரு கிராம் நல்ல மண்ணில் பாக்டீரியா மட்டுமே கோடிக்கணக்கில் இருக்கும். சில மருந்துகள் அவற்றுக்குச் சாப்பாடாகவே ஆகிவிடும். கார்போஃபியூரான் என்ற பூச்சிக்கொல்லியை உடைத்து, அதிலிருந்து வரும் மெத்திலமீன் என்ற பொருளில் தழைச்சத்து (நைட்ரஜன்) எடுக்கும் பாக்டீரியா உண்டு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) கிடைக்காதபோது கிளைபோசேட்டிலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்ளும் பாக்டீரியாவும் உண்டு. இன்னும் சில மருந்துகளால் நுண்ணுயிருக்கு ஒரு லாபமும் இருக்காது. வேறு எதையோ செரிக்கச் சுரந்த நொதியில் அவை போகிற போக்கில் உடைபடும். இந்த இரண்டாவது வகையை ஞாபகத்தில் வையுங்கள், கொட்டகை விஷயத்துக்கு அது வேண்டியிருக்கும்.

இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கண்டுபிடிப்புகளில் ஒன்று நம் நாட்டுக்காரருடையது. சேதுநாதன் என்ற இந்திய விஞ்ஞானி பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை செய்தபோது ஒன்றைக் கவனித்தார். டயசினான் என்ற பூச்சிக்கொல்லியை ஒரே நெல் வயலில் திரும்பத் திரும்பப் போட்டால், ஒவ்வொரு தடவையும் அது முன்பைவிடச் சீக்கிரமாக மறைந்தது. அப்படிப்பட்ட வயலிலிருந்து டயசினானைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, யோஷிதா என்பவரோடு சேர்ந்து 1973-ல் வெளியிட்டார். அதே பாக்டீரியா பாரத்தியான் என்ற வேறொரு பூச்சிக்கொல்லியையும் உடைத்தது. அந்த நொதிக்கான மரபணு பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருப்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். கிட்டத்தட்ட அதே மரபணு வேறொரு இன பாக்டீரியாவிலும் இருந்தது. மருந்தை உடைக்கும் வித்தை ஒரு நுண்ணுயிரிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் என்று நினைக்க அது இடம் கொடுத்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் சுற்றறிக்கைக்கு இந்தக் கதை துணைக்கு வராது. மருந்து சீக்கிரம் மறைந்தால் பூச்சிக்குத்தான் கொண்டாட்டம். அமெரிக்க மக்காச்சோள வயல்களில் கார்போஃபியூரானை வருஷா வருஷம் போட்ட இடங்களில், வேர்ப்புழு வருவதற்குள் மருந்தை மண் தின்று தீர்த்துவிட்டது. நுண்ணுயிர் நன்றாகத் தின்றால் மருந்து பலிக்காது, அளவைக் கூட்டச் சொல்வீர்கள். தின்னாமல் விட்டால் எச்சம் நிற்கும். எது நடந்தாலும் பில் எங்கள் பேரில்தான் வரும்.

இப்போது அந்த 15 நாள் கணக்கைப் பார்க்கலாம். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று தெரியவில்லை. ஏதோ ஒரு மருந்துக்கு, ஏதோ ஒரு மண்ணில் சொன்ன அரை ஆயுளாக இருக்கலாம். அரை ஆயுள் என்றால் பாதி குறைய ஆகும் காலம். 15 நாள் அரை ஆயுள் உள்ள மருந்தில் 15-ஆம் நாள் பாதி மீதி இருக்கும், 30-ஆம் நாள் கால் பங்கு, 60-ஆம் நாளிலும் 6 சதவீதம். நீங்கள் வாங்கப்போகும் குளோர்பைரிபாஸுக்கு மண்ணில் பொதுவாகச் சொல்லப்படும் அரை ஆயுள் 60 முதல் 120 நாள். சில மண்ணில் இரண்டு வாரம்தான், சில மண்ணில் ஒரு வருஷத்துக்கும் மேல். கிளைபோசேட்டுக்கும் சில நாளிலிருந்து பல மாதம் வரை போகிறது. மண்ணுக்கு மண் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, எங்கள் மண்ணில் எத்தனை நாள் என்று அளந்து பார்க்காமல் எப்படி எழுத முடிந்தது? அளக்கச் சொல்லிக் கொடுத்த மனுவைத்தானே தள்ளுபடி செய்தீர்கள்?

எங்கள் மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். என் மண்வள அட்டையில் கார அமில நிலை (pH) 5.4. நல்ல புளிப்பு மண். காப்பிக்கு அது ஒத்துப்போகும், குளோர்பைரிபாஸைச் சிதைக்கும் நுண்ணுயிருக்கு ஒத்துப்போகாது. கார அமில நிலை கூடுதலான மண்ணில் அந்த மருந்து வேகமாகவும் புளிப்பு மண்ணில் மெதுவாகவும் சிதைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதோடு இன்னொன்று. குளோர்பைரிபாஸ் உடைந்தால் முதலில் வருவது டி.சி.பி. என்ற பொருள். அது நுண்ணுயிர்க்கொல்லித் தன்மை உள்ளது. உடைக்க வந்த பாக்டீரியா பெருகுவதையே அது தடுக்கும். மருந்தைவிடத் தண்ணீரில் எளிதாகக் கரைந்து ஓடும். தாய்ப்பொருள் காணாமல் போய்விட்டது என்று காட்டும் பரிசோதனை, அதன் குட்டி எங்கே போனது என்று சொல்லாது. எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லியிலும் இதே கதைதான். மண்ணில் அது எண்டோசல்ஃபான் சல்ஃபேட்டாக மாறும். அதுவும் ஏறக்குறைய அதே அளவுக்கு நஞ்சு, மண்ணில் இன்னும் அதிக நாள் தங்கும்.

அப்புறம் குளிர். நுண்ணுயிரின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. தோராயமாக 10 டிகிரி குறைந்தால் வேகம் பாதியாகும். ஆய்வகத்தில் அரை ஆயுளை அளப்பது 20, 25 டிகிரியில், மண்ணை ஈரம் மாறாமல் வைத்து. மார்கழி, தையில் காப்பி பறிக்கும்போது ஏற்காட்டில் விடியற்காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாசி, பங்குனியிலோ மேல்மண் பொடியாக உலர்ந்து கிடக்கும். ஈரம் இல்லாத மண்ணில் நுண்ணுயிர் வேலையை நிறுத்திவிட்டு உறங்கும். காப்பித் தண்டைக் குடையும் தண்டுத் துளைப்பான் வண்டு வெளியே வருவது ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலும். தண்டுக்கு மருந்து பூசச் சொல்வதும் அப்போதுதான். ஒரு முறை வறட்சி முடிகிற சமயம், மறு முறை மழையும் குளிரும். ஆய்வகத்தில் நுண்ணுயிருக்குக் கிடைக்கிற வசதி இரண்டிலும் எங்கள் சரிவில் கிடைப்பதில்லை.

மழை வந்தால் வேறு கணக்கு. எங்கள் நிலம் முழுக்கச் சரிவு. நுண்ணுயிர்கள் அதிகம் வாழ்வது மேலே உள்ள ஒரு சாண் மண்ணில். வடகிழக்குப் பருவமழையில் ஒரு ராத்திரி கொட்டினால் அந்த ஒரு சாணில் கொஞ்சம் ஓடைக்குப் போய்விடும், ஒட்டியிருக்கும் மருந்தையும் கூட்டிக்கொண்டு. ஒரு சாணைத் தாண்டிக் கீழே இறங்கியதற்கு அங்கே சிதைக்க ஆள் குறைவு. சுனைக்குப் போகும். திருமணிமுத்தாறு இந்த மலையிலிருந்துதான் இறங்கிச் சேலம் ஊருக்குள் போகிறது. சரபங்கா ஆறும் இங்கிருந்துதான் ஓமலூர்ப் பக்கம் இறங்குகிறது. 15 நாள் பொறுத்திருங்கள் என்று மழையிடம் சொல்ல முடியாது.

களைக்கொல்லி பற்றியும் ஒரு வார்த்தை. நம் செம்மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதிகம். கிளைபோசேட் அதில் இறுகப் பிடித்துக்கொள்ளும். கட்டுண்டு கிடக்கிறதே, நல்லதுதானே என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லியிருப்பார். கட்டுண்டு கிடப்பதை நுண்ணுயிராலும் எளிதில் தொட முடியாது. அப்புறம் நாம் சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. போன்ற மணிச்சத்து உரம் போடும்போது, பாஸ்பேட் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கிளைபோசேட்டைக் கழற்றிவிடக்கூடும். அது போக, இந்த மருந்துக்கு லேபிளில் உள்ள அனுமதி தேயிலைக்கும் பயிரில்லாத இடத்துக்கும்தான். காப்பிக்கு இல்லை. பதிவுபெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வேறு வெளியிட்டது. நீங்கள் பேசி வைத்திருக்கும் ஒப்பந்த ஆட்கள் யாரிடம் பதிவு செய்திருக்கிறார்கள் என்று சுற்றறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை.

நுண்ணுயிரால் எப்போதுமே தின்ன முடியாத ஒன்றை நம் எல்லோருடைய தோட்டத்திலும் நாமே கொட்டிக்கொண்டிருக்கிறோம். செம்பு. காப்பியின் இலைத்துரு நோய்க்கு போர்டோ கலவை அடிக்கிறோம். 200 லிட்டர் டிரம்முக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. மயில்துத்தத்தில் கால் பங்கு செம்பு. ஆக ஒரு டிரம் தீர்ந்தால் 250 கிராம் செம்பு மலையில் இறங்குகிறது. செம்பு ஒரு தனிமம். அதை எந்த பாக்டீரியாவாலும் எதுவாகவும் உடைக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். தாத்தா அடித்தது, அப்பா அடித்தது, நாம் அடிப்பது எல்லாம் மேல்மண்ணில், சருகோடு சருகாகச் சேர்ந்திருக்கிறது. அளவுக்கு மீறிச் சேர்ந்த செம்பு நுண்ணுயிர்களையும் மண்புழுவையும் ஒடுக்கும். மற்ற மருந்துகளைச் சிதைக்க வேண்டியவர்களே அவர்கள்தான்.

போர்டோ கலவையை நிறுத்தச் சொல்லவில்லை. துரு வந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான். மண்வள அட்டையில் 12 விவரங்கள் வருகின்றன, செம்பும் அதில் ஒன்று. ஆனால் அட்டை பார்ப்பது பயிருக்குப் போதுமா, போதாதா என்று. என் அட்டையில் "போதுமானது" என்று இருக்கிறது. பத்து மடங்கு கூடுதலாக இருந்தாலும் அதே "போதுமானது" தான் வரும். மருந்து எச்சத்துக்கு அட்டையில் கட்டமே இல்லை. நுண்ணுயிர் உயிரோடு இருக்கிறதா என்பதற்கும் இல்லை. ஆக, எதை நம்பி எங்களை அச்சப்படாதே என்கிறீர்களோ அதை யாரும் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

பழைய கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. பெரியவர்கள் "பத்து சதப் பொடி" என்று சொல்வார்கள். பி.எச்.சி. என்ற பழைய பூச்சிக்கொல்லிதான் அது. தண்டுத் துளைப்பானுக்கு அந்தப் பொடியையும், பின்னால் அதன் காமா வகையைப் பிரித்தெடுத்த லிண்டேனையும் நம் மலையில் அடித்திருக்கிறார்கள். பி.எச்.சி.யில் பூச்சியைக் கொல்லும் காமா வகை 10, 15 சதவீதம்தான். மீதி வேலைக்கு ஆகாத மற்ற வகைகள். அதில் பீட்டா என்ற வகை எளிதில் சிதையாது. பி.எச்.சி.க்கு 1997-ல் தடை வந்தது. லிண்டேன் பயன்பாடு 2013-ல் நின்றது. இவற்றையும் சிதைக்கும் பாக்டீரியாவை நம் நாட்டிலேயே கரும்பு வேரடி மண்ணிலிருந்து கண்டெடுத்திருக்கிறார்கள், ஆராய்ச்சியும் நிறைய நடந்திருக்கிறது. நம் சரிவில் அந்த வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று யாராவது மண் எடுத்துப் பார்த்தோமா? அந்தக் காலத்திலும் மண் தாங்கிக்கொள்ளும் என்றுதான் சொல்லி விற்றிருப்பார்கள்.

என் நிலத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பழைய பருத்தி வேட்டி ஒன்றைக் கிழித்து, ஒரே அளவுத் துண்டுகளாக்கி, இரண்டு இடத்தில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தேன். ஒன்று, காப்பித் தோல் மட்கும் சருகும் போட்டு வருகிற மேல்பாத்தி. மற்றொன்று, வரப்புக்கு அந்தப் பக்கம், களைக்கொல்லி தொடர்ந்து அடித்து மண் மொட்டையாகக் கிடக்கும் குத்தகை நிலம். குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் புதைத்தேன். மழைக்காலம் முடிந்து தோண்டினேன். மேல்பாத்தித் துண்டு கையோடு வரவில்லை. மண்ணை உதிர்த்து உதிர்த்துத் தேடியதில் ஓரத்தில் போட்டிருந்த நைலான் தையல் நூல் மட்டும் சுருண்டு கிடந்தது, அதைச் சுற்றி வெள்ளை இழையாகப் பூஞ்சணம். குத்தகை நிலத்துத் துண்டு முழுசாக வந்தது. சிவப்பாகக் கறை பிடித்திருந்தது, ஓரிரண்டு ஓட்டை. துவைத்தால் துடைக்கிற துணியாகப் பயன்படும்.

துணி மட்குவதும் மருந்து சிதைவதும் ஒன்றல்ல என்று உங்களில் யாராவது சொல்லலாம். சரி, ஒன்றல்ல. களைக்கொல்லி மட்டும்தான் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. வெயிலில் காய்ந்ததும் சருகு இல்லாததும் சேர்ந்திருக்கும். ஆனால் பருத்தியைக்கூடத் தின்ன ஆளில்லாத மண்ணில், குளோர்பைரிபாஸில் உள்ள குளோரின் ஏற்றிய வளையத்தை யார் உடைக்கப்போகிறார்கள்?

இதனால்தான் கொட்டகையை மூடும் முடிவு எனக்குப் பொறுக்கவில்லை. பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்திலிருந்து வரும் காப்பித் தோலை ஓடையில் தள்ளிக்கொண்டிருந்த காலம் போய், அதைச் சாணியோடும் சில்வர் ஓக் சருகோடும் அடுக்கி மட்க வைக்கப் பழகினோம். அந்தக் குவியலைக் கிளறியவர்களுக்குத் தெரியும், உள்ளே கை வைத்தால் சூடு. சருகைப் புரட்டினால் வெள்ளை வெள்ளையாக வலை பின்னியிருக்கும். மரச்சத்தான லிக்னினை உடைக்கும் வெண்மட்குப் பூஞ்சைகள் இப்படிப்பட்ட இடத்தில்தான் பெருகும். லிக்னின் தாறுமாறாகப் பின்னிய பொருள். அதை உடைக்க இந்தப் பூஞ்சைகள் சுரக்கும் நொதி எதிரில் வருவதையெல்லாம் பதம் பார்க்கும். அந்த இனத்தில் ஒரு பூஞ்சை டி.டி.டி.யையும் உடைக்கிறது என்று 1985-ல் அமெரிக்காவில் காட்டினார்கள். ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, போகிற போக்கில் உடைப்பது, அது இதுதான். அதற்குச் சருகும் மட்கும் வேண்டும். மருந்தை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் அவை வராது.

நீங்கள் செய்திருப்பது, சமையல்காரரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு ஊருக்கு விருந்துப் பத்திரிகை வைத்த மாதிரி இருக்கிறது. நுண்ணுயிர் தின்னும் என்று எழுதிய அதே தாளில், அதற்குத் தீனி போடும் ஒரே இடத்தை மூடியிருக்கிறீர்கள். மூடியது போதாது என்று அங்கேயே மருந்து டப்பாக்களை அடுக்கப் போகிறீர்கள். அந்தக் கொட்டகைக்கு நாலடி கீழே ஓடை. போன தடவை சில உறுப்பினர்களுக்கு அடித்துக் கொடுத்தபோதே ஆட்கள் டிரம்மை அங்கே நிரப்பி, தெளிப்பானை அங்கேயே கழுவியதை நான் பார்த்தேன். தோட்டத்தில் பரவலாக விழும் மருந்தைவிட, கலக்கும் இடத்தில் சிந்தும் மருந்து செறிவாக நிற்கும். எந்த நுண்ணுயிரும் அந்தச் செறிவில் பிழைப்பது கஷ்டம்.

ஆள் பற்றாக்குறை என்று சொல்வீர்கள். உண்மைதான். களை செதுக்க ஆள் கிடைக்காமல் நானும் அலைந்திருக்கிறேன், கூலியும் கட்டுபடியாகவில்லை. அதற்காகக் களை வெட்டும் இயந்திரங்களை நிறுவனமே வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன? வெட்டிய களை அங்கேயே மூடாக்காகக் கிடக்கும், மண்ணும் ஓடாது. தண்டுத் துளைப்பானுக்கும் காப்பி வாரியம் வருஷக்கணக்காகச் சொல்லிவரும் வழிகள் இருக்கின்றன. நிழலைக் குறைக்காமல் வைப்பது, வண்டு வெளியேறும் முன் தாக்கிய செடியைப் பிடுங்கி எரிப்பது, தண்டின் தளர்ந்த பட்டையைத் தேய்த்து எடுப்பது, 10 சதச் சுண்ணாம்புக் கரைசல் பூசுவது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது. வேலை பிடிக்கும் வழிகள்தான். ஆனால் நம்மிடமிருந்து காப்பி வாங்குகிறவர்கள் ஏற்றுமதி செய்கிறவர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் குளோர்பைரிபாஸுக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்து, எச்ச அளவைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. இந்தியக் காப்பியைப் பெருவாரியாக வாங்குவது அந்த நாடுகள். ஒரு மூட்டை திரும்பி வந்தால் எல்லோர் காப்பிக்கும் சேர்த்துத்தான் கெட்ட பேர்.

அதோடு, காப்பிச் செடிக்கு நடுவில் முளைக்கும் மணத்தக்காளியையும் பண்ணைக்கீரையையும் பறித்து மடியில் கட்டிக்கொண்டு போகும் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். எந்தத் தோட்டத்தில் என்றைக்கு அடித்தார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது? சுற்றறிக்கை வந்த வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் இல்லை.

நான் கேட்பது இவை.

மொத்தக் கொள்முதலையும் ஒப்பந்த மருந்தடிப்பையும் பொதுக்குழு கூடிப் பேசும்வரை நிறுத்தி வையுங்கள். பருவமழைக்கு முன் கூட்ட வேண்டும். கிளைபோசேட் காப்பித் தோட்டத்துக்கே வேண்டாம் என்பது என் நிலை. அதையும் தனித் தீர்மானமாக வாக்கெடுப்புக்கு விடுங்கள்.

கொட்டகையைத் திறந்து பழையபடி மட்கு போட விடுங்கள். மருந்து வைக்க இடம் வேண்டுமென்றால் ஓடையிலிருந்து தள்ளி, பூட்டும் சிமென்ட் தரையும் உள்ள வேறு இடம் பாருங்கள்.

மண் பரிசோதனை மனுவை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோர் நிலமும் வேண்டாம். மேட்டில் ஒன்று, சரிவில் ஒன்று, ஓடையோரம் ஒன்று, மருந்து கலக்கும் இடத்தில் ஒன்று, மருந்தே படாத சோலை மண் ஒன்று என்று எடுத்து, எச்சம் பார்க்கும் வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஆரம்பத்துக்குப் போதும். குளோர்பைரிபாஸோடு டி.சி.பி.யையும், கிளைபோசேட்டோடு அது உடைந்து வரும் ஆம்பாவையும், பழைய பி.எச்.சி. வகைகளையும், மொத்தச் செம்பையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் பார்க்க மாட்டார்கள். மண் மாதிரியில் ஒரு பங்கை வேளாண் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் துறைக்கு அனுப்பி, நுண்ணுயிர் எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்று காட்டும் மண் சுவாசமும் டீஹைட்ரஜனேஸ் நொதியும் அளக்கச் சொல்லலாம். கடிதமும் மாதிரி எடுக்கும் வேலையும் என் பொறுப்பு, சம்பளம் வேண்டாம். அறிக்கை வந்ததும் எண்களோடு எல்லா உறுப்பினர்களுக்கும் போக வேண்டும், சுருக்கம் அல்ல.

தெளிப்பான் கழுவவும் டிரம் நிரப்பவும் ஒரு பயோபெட் கட்டுங்கள். 1993-ல் ஸ்வீடனில் தொடங்கிய முறை இது, இப்போது பல நாடுகளில் இருக்கிறது. இரண்டடி ஆழக் குழி, அடியில் களிமண் பூச்சு, உள்ளே பாதி வைக்கோல், கால் பங்கு பீட் என்ற மட்கிய சதுப்புப் பொருள், கால் பங்கு மேல்மண், மேலே புல். சிந்துகிற மருந்தை அந்தப் படுகை பிடித்து வைத்துக்கொள்ளும், வைக்கோலில் வளரும் பூஞ்சை மெதுவாகச் சிதைக்கும். பீட்டுக்குப் பதில் தென்னைநார்க் கழிவும் நம் காப்பித் தோல் மட்கும் ஒத்துவருமா என்று சிறிய அளவில் போட்டுப் பார்க்கலாம். மயில்துத்தக் கழுவு நீரை மட்டும் அதில் விடக்கூடாது, செம்பு போய் உட்கார்ந்தால் படுகையே செத்துவிடும். குழி ஓடைப் பக்கம் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

எந்த மருந்து அடித்தாலும், அடித்த தேதியும் பெயரும் எழுதிய பலகை தோட்ட வாசலில் தொங்க வேண்டும், தமிழில், கொட்டை எழுத்தில். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சிவப்புத் துணி கட்டுங்கள். அடிக்கும் ஆட்களுக்குக் கையுறையும் முகக் கவசமும் நிறுவனத்தின் செலவில்.

கடைசியாக, "15 நாளில் சிதைத்துவிடும்" என்ற வரியை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். அதே வாட்ஸ்அப் குழுவில், அதே லெட்டர்பேடில். அந்த வரியை நம்பி யாரும் ஓடைத் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கக்கூடாது. பொதுக்குழு தேதியையும் அதே தாளில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பங்குதாரர்களில் ஒருத்தி,
நாகலூர் பக்கம், ஏற்காடு